குளிர் நாட்டில் கொடி வளர்த்த சக்கரவர்த்தினி

நெப்போலியன் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. ஐரோப்பா முழுவதையும் நடுங்க வைத்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தி அவன். அவனுடைய முதல் மனைவி ஜோசபைன்.

ஜோசபைனைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவள் பெரிய அழகி என்று எழுதினார்கள். ஆடம்பரக்காரி என்று எழுதினார்கள். கடனாளி என்றும் எழுதினார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அவள் கைதேர்ந்த தோட்டப் பிரியை. ஐரோப்பியக் குளிரில் ஒரு நாள்கூடத் தாங்காத வெயில் நாட்டுச் செடிகளையும் கொடிகளையும் கண்ணாடி வீட்டில் வைத்துக் காப்பாற்றியவள். அந்தச் செடிகளைப் போலவே அவளும் வெயில் நாட்டிலிருந்து வந்தவள்தான்.

கரும்புத் தோட்டத்துக் குழந்தை

மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்று மார்ட்டினிக். பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான தீவு. சுற்றிலும் கடல். ஆண்டு முழுவதும் வெயில். அங்கே பனி கிடையாது. குளிர்காலம் என்பதே கிடையாது. மழைக்காலம், வெயில்காலம் இரண்டுதான். நம் ஊர்ப் பக்கத்தைப் போலவே வாழையும் கரும்பும் செழித்து வளரும்.

அந்தத் தீவில் 1763-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி அவள் பிறந்தாள். பெற்றோர் வைத்த பெயர் மரீ ஜோசப் ரோஸ். எல்லாரும் ரோஸ் என்றே கூப்பிட்டார்கள். ஜோசபைன் என்பது பின்னால் நெப்போலியன் வைத்த பெயர்.

தகப்பனாருக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. கரும்பை வெட்டியவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள். கூலி கிடையாது, விடுதலை கிடையாது. அந்த உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தின்றுதான் குழந்தை வளர்ந்தது. நிரம்பத் தின்றதால் பல் முழுவதும் கெட்டுப் போயிற்று. பிற்காலத்தில் அவள் வாயைத் திறக்காமலே சிரிக்கப் பழகிக் கொண்டாள். அந்த மூடிய சிரிப்பைப் பாரிஸ் நகரத்தார் பெரிய நாகரிகம் என்று எண்ணினார்கள்!

1766-ல் பெரும் புயல் அடித்தது. வீடு விழுந்தது. குடும்பம் சர்க்கரை காய்ச்சும் கட்டிடத்தின் மாடியில் குடியேறியது. அதன் பிறகு நல்ல வீடு கட்ட அவர்களால் முடியவே இல்லை. தோட்டம் இருந்தும் கையில் பணம் தங்கவில்லை.

பதினாறு வயதில் அவளைப் பிரான்ஸ் நாட்டுக்கு அனுப்பினார்கள். 1779-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அலெக்சாண்டர் பொகார்னே என்ற பிரபு வீட்டுப் பையனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. வெயில் தவிர வேறு அறியாத பெண், கடுங்குளிர் மாதத்தில் மணப்பெண்ணாக நின்றாள். மகன் யூஜீன் 1781-ல் பிறந்தான். மகள் ஹார்ட்டென்ஸ் 1783-ல் பிறந்தாள். ஆனால் புருஷனுக்கு அவளைப் பிடிக்கவில்லை. நாட்டுப்புறத்துப் பெண், நாகரிகம் தெரியாதவள் என்று ஒதுக்கி விட்டான். இருவரும் பிரிந்தார்கள்.

சிறையும் விடுதலையும்

பிரான்ஸில் புரட்சி வெடித்தது. அரசனின் தலையும் உருண்டது. அரசியின் தலையும் உருண்டது. பிரபுக்கள் என்று பேர் இருந்தாலே ஆபத்து. 1794-ல் கணவனும் மனைவியும் பாரிஸில் ஒரே சிறையில் அடைபட்டார்கள். ஜூலை 23-ந் தேதி அலெக்சாண்டர் பொகார்னேயின் தலை வெட்டப்பட்டது. அடுத்து அவள் முறை எப்போது வருமோ என்ற நிலை.

ஐந்து நாளில் நாட்டு நிலைமை தலைகீழாக மாறிற்று. கொலைத் தண்டனைகளை நடத்திய ரோபஸ்பியரே கொலை மேடை ஏறினான். ஆகஸ்டு மாதம் அவள் விடுதலையானாள். கையில் காசு இல்லை. இரண்டு குழந்தைகள். வயது முப்பத்தொன்று.

அப்போதுதான் நெப்போலியன் வந்தான். இளம் தளபதி, அவளை விட ஆறு வயது சிறியவன். 1796-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி பதிவுக் கல்யாணம் நடந்தது. அவள் தன் வயதில் நான்கைக் குறைத்துச் சொன்னாள். அவன் தன் வயதில் ஒன்றரையைக் கூட்டிச் சொன்னான். பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது! இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை இத்தாலியப் போருக்குப் புறப்பட்டு விட்டான்.

மால்மேசான்

1799-ம் ஆண்டு நெப்போலியன் எகிப்து நாட்டில் போரில் இருந்தான். அந்தச் சமயம் பார்த்து ஜோசபைன் ஒரு வீட்டையும் தோட்டத்தையும் விலை பேசி முடித்தாள். இடத்தின் பெயர் மால்மேசான். பாரிஸுக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரம். விலை மூன்று லட்சம் பிராங்குக்கு மேல். அவளிடம் அவ்வளவு பணம் ஏது? கடன்தான். கடனை அடைக்க வேண்டியவன் எகிப்தில் இருந்தான்.

திரும்பி வந்த நெப்போலியன் கோபப்பட்டான். பிறகு பணம் கட்டினான். போகப் போக அவனுக்கே அந்த இடம் பிடித்து விட்டது. ஆனாலும் குறும்பு விடவில்லை. ஜோசபைன் குளத்தில் ஆசையாக வளர்த்த அன்னப் பறவைகளைச் சன்னல் வழியாகத் துப்பாக்கியால் சுட்டு அவளைச் சீண்டுவான் என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாங்கிய கையோடு அவள் தோட்ட வேலையில் இறங்கினாள். 1800-ல் கணப்பு வைத்த ஒரு கூடம் கட்டினாள். அதில் 300 அன்னாசிச் செடிகள் வைக்க இடம் இருந்தது. அன்னாசி அவளுக்குப் பிறந்த ஊர்ப் பழம் அல்லவா? மார்ட்டினிக்கிலிருந்த தாயாருக்கும் எழுதி அந்த ஊர்ச் செடிகளையும் விதைகளையும் கேட்டாள்.

குளிர் என்ன செய்யும்?

நமக்கு மார்கழிக் குளிரே பெரிய குளிர். பாரிஸ் குளிர் வேறு. குளிர்கால இரவில் தண்ணீர்த் தொட்டி கல்லாக உறையும். மண்ணும் உறையும்.

வெயில் நாட்டுக் கொடி ஒன்றை அங்கே வெட்ட வெளியில் நட்டால் என்ன ஆகும்? கோடையில் நன்றாகப் படரும். இலையும் விடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும். இலைக்கும் தண்டுக்கும் உள்ளே இருக்கிற நீர் உறையும். உறைந்த நீர் செடியின் மிக நுண்ணிய அறைகளைச் சிதைத்து விடும். விடியற்காலையில் பார்த்தால் செடி நன்றாக இருப்பது போலத் தெரியும். வெயில் ஏறியதும் இலை வெந்த கீரை போலத் தொங்கும். இரண்டு நாளில் கறுத்து விடும். வேர் உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கலாம். மண்ணும் உறைந்தால் அதுவும் போயிற்று.

ஆகவே குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் ஒரு வழி செய்வார்கள். இப்படிப்பட்ட செடிகளைத் தரையில் நடாமல் தொட்டியிலோ மரப்பெட்டியிலோ வளர்ப்பார்கள். உறைபனி விழும் முன்பே தொட்டிகளைத் தூக்கிக் கண்ணாடி வீட்டுக்குள் வைப்பார்கள். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், காற்றை விடாது. ஆனால் கண்ணாடி மட்டும் போதாது. இரவு முழுவதும் அடுப்பு எரிய வேண்டும்.

அடுப்பு எரித்தால் வேலை முடிந்து விடாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த தொட்டி காய்ந்து போகும். கண்ணாடியை ஒட்டி வைத்த இலை குளிரில் கருகும். நல்ல வெயில் அடிக்கும் பகலில் சன்னலைச் சிறிது திறந்து காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் இலையில் பூஞ்சணம் பிடிக்கும். மாலைக்குள் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றுவதில்தான் பலர் தவறுவார்கள். குளிர்காலத்தில் செடி பாதித் தூக்கத்தில் இருக்கிறது. கோடையில் ஊற்றுவது போல ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அடியோடு நிறுத்தவும் கூடாது.

இத்தனையும் செய்து, ஒரு நாள் இரவு அடுப்புக்காரன் தூங்கி விட்டால்? பத்து வருஷம் வளர்த்த செடி பொழுது விடிவதற்குள் போய் விடும்.

பன்னிரண்டு அடுப்பு

1804-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி பாரிஸ் மாதா கோயிலில் நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடி சூடினான். தன் கையாலேயே ஜோசபைன் தலையிலும் முடி வைத்தான். கடன்காரர்கள் துரத்திய விதவை, பத்தே ஆண்டில் சக்கரவர்த்தினி!

வேறு ஒருத்தியாக இருந்தால் நகை செய்து போட்டிருப்பாள். ஜோசபைனும் நகைக்குக் குறை வைக்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் 1805-ல் மால்மேசானில் ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்தைக் கட்டி முடித்தாள். நீளம் சுமார் 50 மீட்டர். அதைச் சூடாக்கப் பன்னிரண்டு நிலக்கரி அடுப்புகள். பக்கத்திலேயே உட்கார்ந்து செடிகளைப் பார்க்க அலங்காரமான அறைகள்.

வந்த விருந்தாளிகளை எல்லாம் அங்கே அழைத்துப் போவாள். ஒவ்வொரு செடிக்கும் நின்று, தாவர சாஸ்திரிகள் வைத்த பெயரைச் சொல்லி, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விளக்குவாள். நாள் தவறாமல் இது நடந்தது. அரண்மனைப் பெண்கள் சிலர் கொட்டாவி விட்டார்களாம். விடட்டுமே! அரண்மனையில் கொட்டாவி விட்டவர்கள் பெயர் மறந்து போயிற்று. செடிகளின் பெயர் நிற்கிறது.

தோட்டத்தைக் கவனிக்க நல்ல ஆட்களைத் தேடிப் பிடித்தாள். 1805-ல் தலைமைத் தோட்டக்காரனாக வந்த பெலிக்ஸ் தெலாஹே, முன்பு பிரெஞ்சுக் கப்பலில் ஆஸ்திரேலியப் பக்கம் போய்ச் செடி சேகரித்தவர். பின்னால் மேற்பார்வைக்கு வந்த பான்பிளான் என்பவர், ஹம்போல்ட் என்ற பேரறிஞரோடு ஐந்து ஆண்டுகள் தென் அமெரிக்கக் காடுகளில் சுற்றியவர். இந்தச் செடிகள் பிறந்த மண்ணைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். எது நிழலில் வளரும், எது மணலில் வளரும் என்று தெரிந்தவர்கள்.

கத்தரிப்பூ நிறக் கொடி

1800-ம் ஆண்டு இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டன. தலைவர் போதான் வழியிலேயே மோரீஸ் தீவில் இறந்து போனார். ஆனால் கப்பல்கள் உயிருள்ள செடிகளோடும் பிராணிகளோடும் திரும்பி வந்தன. அவற்றில் ஒரு பங்கு மால்மேசானுக்கு வந்தது. கறுப்பு அன்னமும் கங்காருவும் ஜோசபைன் தோட்டத்தில் உலாவின. நாம் தைலமரம் என்று சொல்லுகிற யூகலிப்டஸ் வகைகளும் அங்கே வளர்ந்தன.

அந்தக் கண்ணாடி வீட்டில் ஆஸ்திரேலியக் கொடி ஒன்று வளர்ந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டு வேலியில் படரும் அவரைக்கொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கத்தரிப்பூ நிறம். அதே பூ வடிவம். ஆனால் பூ மிகவும் சிறியது. நூற்றுக்கணக்கில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவரைக்கு ஒரு காம்பில் மூன்று இலை. இதற்கோ ஒரே இலைதான், நீளமாகத் தோல் போல இருக்கும்.

இந்தக் கொடிக்கு ஒரு விசேஷம் உண்டு. குளிர்காலம் முடியும் தறுவாயில், வெளியே மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கும்போது இது பூக்கும். ஆகவே மற்றக் கொடிகளைப் போல இலையுதிர் காலத்தில் இதை வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டியதாகும். பூத்து முடிந்த பிறகுதான் கத்தரிக்க வேண்டும். விதையும் கல் மாதிரி கெட்டி. சுடுதண்ணீரில் ஊற வைத்தாலொழிய எளிதில் முளைக்காது. முளைத்து விட்டால் கயிறு கட்டி விட்டால் போதும். தானே சுற்றி ஏறும். இலேசான குளிரைத் தாங்கும். கடும் உறைபனியைத் தாங்காது.

மால்மேசான் செடிகளைப் பற்றி வாந்தனா என்ற தாவர சாஸ்திரி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1803-ல் வெளிவரத் தொடங்கிய அந்தப் புத்தகத்தில் 120 வண்ணப் படங்கள். வரைந்தவர் ரெதூத்தே. பூ வரைவதில் அவருக்கு நிகர் அந்தக் காலத்தில் இல்லை. தலை வெட்டுண்ட அரசி மரீ அந்த்வானெத்துக்கும் வரைந்தவர். புரட்சிக்குப் பிறகு ஜோசபைனுக்கும் வரைந்தார். அரசுகள் மாறின, தூரிகை மாறவில்லை.

அந்தப் புத்தகத்தில் நமது கத்தரிப்பூ நிறக் கொடிக்கும் இடம் கிடைத்தது. வாந்தனா அதைக் கென்னடியா என்ற இனத்தில் சேர்த்தார். இன்று அதற்கு ஹார்டன்பெர்ஜியா என்று பெயர். கென்னடியா என்ற பெயர் அதன் உறவுக்காரக் கொடிகளுக்கு இன்னும் இருக்கிறது.

யார் அந்தக் கென்னடி?

லண்டனில் செடி வியாபாரம் செய்த ஆங்கிலேயர்! பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் அப்போது கடும் போர். ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்துக் கொண்டிருந்தார்கள். அந்தப் போரின் நடுவிலும் கென்னடியின் செடிகள் கடல் கடந்து ஜோசபைனுக்கு வந்தன. வந்து போக அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பலில் ஜோசபைன் பேருக்கு விதையோ செடியோ இருந்தால், அதை அனுப்பி வைக்க பிரிட்டிஷ் கடற்படையும் இடம் கொடுத்தது. புருஷன் இங்கிலாந்தை முற்றுகையிட்டு வியாபாரத்தைத் தடுத்துக் கொண்டிருந்தான். பெண்சாதி அதே இங்கிலாந்திலிருந்து செடி வாங்கிக் கொண்டிருந்தாள். குடித்தனத்தில் இதுவும் உண்டு!

1803 முதல் 1814 வரை அவள் தோட்டத்தில் ஏறத்தாழ 200 வகைச் செடிகள் பிரான்ஸ் நாட்டிலேயே முதன்முதலாக வளர்ந்தன. ரோஜா மட்டும் சுமார் 250 வகை சேர்த்தாள். தான் மட்டும் வைத்துக் கொள்ளவில்லை. விதைகளையும் பதியன்களையும் மற்ற ஊர்த் தோட்டங்களுக்கும் கொடுத்தாள்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஓர் அழகிய கொடி உண்டு. மணி போலத் தொங்கும் சிவந்த பூ. அதுவும் உறைபனிக்கு அஞ்சும் கொடிதான். ஸ்பெயின் நாட்டுத் தாவர சாஸ்திரிகள் 1802-ல் அதற்கு லாபகேரியா என்று பெயர் வைத்தார்கள். ஜோசபைனின் தகப்பனார் குடும்பப் பெயர் லாபகேரி. இன்று அதுதான் சிலி நாட்டின் தேசிய மலர்.

மணமுறிவு

செடிகள் செழித்தன. வீட்டில் தொட்டில் ஆடவில்லை. நெப்போலியனுக்குப் பட்டத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும். ஜோசபைனுக்கு முதல் கணவனிடம் இரண்டு குழந்தைகள் பிறந்தும், நெப்போலியனிடம் பிறக்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டி விட்டது.

1809-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, உறவினரும் அதிகாரிகளும் கூடியிருந்த சபையில் மணமுறிவு நடந்தது. தன் சம்மதத்தை எழுதிய தாளை அவளால் முழுவதும் படிக்க முடியவில்லை. அழுகை வந்து விட்டது. பக்கத்திலிருந்த அதிகாரி வாங்கி மீதியைப் படித்தார். மறுநாள் அரண்மனையை விட்டு மால்மேசானுக்குப் புறப்பட்டாள். கடும் குளிர்காலம் அது.

சக்கரவர்த்தினி என்ற பட்டம் அவளுக்கு இருந்தது. மால்மேசானும் இருந்தது. பெரிய தொகை மானியமும் வந்தது. பெண்சாதி என்ற இடம் மட்டும் போயிற்று. அடுத்த ஆண்டு நெப்போலியன் ஆஸ்திரிய அரசகுமாரியை மணந்தான். 1811-ம் ஆண்டு மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது.

ஜோசபைன் தோட்டத்துக்குள்ளே முழுவதும் இறங்கி விட்டாள். கடன் குறையவில்லை. நிலக்கரிச் செலவும் குறையவில்லை. இதை வீண் செலவு என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவள் வாங்கிக் குவித்த உடைகளைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக் கொள்ளலாம். ஆயிரக்கணக்கான மைல் கப்பலில் வந்த செடியைச் சாக விடாமல் எரித்த நிலக்கரியை எப்படி வீண் என்பது?

மே மாதக் குளிர்

1814-ல் நெப்போலியன் தோற்றான். மார்ச் 31-ந் தேதி பகைப் படைகள் பாரிஸுக்குள் புகுந்தன. அவனை எல்பா தீவுக்கு அனுப்பினார்கள். ஜோசபைன் நிலை என்ன ஆகும்? மானியம் நின்று விடும். வீடு பறிபோகலாம். மகன், மகள் கதி?

நல்ல வேளையாக ருஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாண்டர் அவளிடம் மரியாதை காட்டினான். மால்மேசானுக்கே வந்தான். தோட்டத்தில் கூட நடந்தான். பிள்ளைகளின் எதிர்காலம் இவன் கையில் இருக்கிறது என்று ஜோசபைனுக்குத் தெரியும். அவனை உபசரிப்பதில் தன் உடம்பைப் பார்க்கவில்லை. மெல்லிய உடை உடுத்தி, மே மாதத்து மாலைக் குளிரில் வெளியே உலவினாள். மே மாதம் அங்கே வசந்த காலம். பகலில் இதமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கும்.

சளி பிடித்தது. காய்ச்சல் வந்தது. மூச்சுத் திணறியது. படுக்கச் சொன்ன போது படுக்கவில்லை, விருந்தாளிகளைக் கவனித்தாள். மே 29-ந் தேதி நடுப்பகலில் உயிர் பிரிந்தது. மகனும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். ஐம்பத்தொரு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

எல்பா தீவில் நெப்போலியன் சேதியை அறிந்து அறைக் கதவைச் சாத்திக் கொண்டான்.

வயலெட் பூ

வயலெட் என்று ஒரு சிறு பூ உண்டு. அதுவும் ஊதா நிறம்தான். நல்ல மணம். இதற்குக் கண்ணாடி வீடு வேண்டாம், அடுப்பு வேண்டாம். உறைபனிக்கு அஞ்சாது. தரையோடு கிடந்து, குளிர் விலகியதும் பூத்து விடும். நெப்போலியனும் ஜோசபைனும் விரும்பிய பூ இது என்பார்கள். அவன் எல்பாவில் இருந்தபோது அவனுடைய ஆட்கள் இந்தப் பூவை இரகசிய அடையாளமாக வைத்துக் கொண்டார்கள். வயலெட் பூக்கும் காலத்தில் தலைவன் வருவான் என்று நம்பினார்கள். 1815-ம் ஆண்டு மார்ச் மாதம், சரியாக அந்தக் காலத்தில், அவன் வந்தான்.

நூறு நாள் ஆட்சி. பிறகு வாட்டர்லூ தோல்வி. ஜூன் மாதக் கடைசியில் நெப்போலியன் வந்து தங்கிய இடம் எது? மால்மேசான். ஹார்ட்டென்ஸ் கூட இருந்தாள். ரோஜாப் பாதைகளில் நடந்தான். ஐந்தாம் நாள் புறப்பட்டான். செயின்ட் ஹெலினா தீவில் 1821-ல் இறந்தான். ஜோசபைன் சமாதியில் பூத்த வயலெட்டைப் பறித்துக் கடைசி வரை கழுத்துத் தாயத்தில் வைத்திருந்தான் என்று ஒரு கதை உண்டு. நம்புவது உங்கள் விருப்பம்.

பிறகு

அடுப்பை எரிக்க ஆளும் பணமும் இல்லாத கண்ணாடி வீடு எத்தனை நாள் நிற்கும்? ஜோசபைன் போன பின் தோட்டம் சிதறியது. பான்பிளான் 1816-ல் தென் அமெரிக்காவுக்கே திரும்பிப் போய் விட்டார். மால்மேசான் 1828-ல் விற்கப்பட்டது. பல கைகள் மாறியது. 1896-ல் ஒரு தனவந்தர் அதை வாங்கி, 1904-ல் பிரெஞ்சு அரசாங்கத்துக்குக் கொடுத்தார். இப்போது அது காட்சிச் சாலை. பன்னிரண்டு அடுப்பு வைத்த கூடம் இல்லை. ரெதூத்தே வரைந்த படங்கள் இருக்கின்றன.

ஹார்ட்டென்ஸின் மகன் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் 1852-ல் சக்கரவர்த்தியானான். அவன் காலத்தில், 1859-ல், மார்ட்டினிக் தீவில் பாட்டிக்கு வெள்ளைச் சலவைக்கல் சிலை வைத்தார்கள். அந்தத் தீவில் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள் அல்லவா? 1802-ல் நெப்போலியன் தீவுகளில் அடிமை முறையை நிலைநாட்டியவன். அதற்கு ஜோசபைன் தூண்டுதல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அவள் பிறந்த வீட்டுச் சோறு அடிமைகளின் உழைப்பில் வந்த சோறு. அதை மறைப்பதற்கில்லை. 1991-ல் யாரோ சிலையின் தலையை வெட்டி எடுத்து விட்டார்கள். தலையில்லாமலே பல ஆண்டுகள் நின்றது. 2020-ம் ஆண்டு ஜூலையில் ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சிலையையே இழுத்துத் தள்ளியது.

கத்தரிப்பூ நிறக் கொடி இன்றும் ஐரோப்பாவில் தொட்டிகளில் விலைக்குக் கிடைக்கிறது. உறைபனிக்கு முன்பு வீட்டுக்குள் எடுத்து, வெளிச்சமும் இலேசான சூடும் உள்ள இடத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்தால், குளிர்காலம் முடியும் தறுவாயில் பூக்கிறது.